பழைய ஸ்விஃப்டின் லோயர் ஆர்ம் புஷ்: தனி புஷ்ஷா, முழு ஆர்மா, பாலியூரித்தேனா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 2005 மே மாதம் வந்து 2011 வரை விற்ற முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் உங்களிடம் இருந்து, முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு பிடிக்கும் இரும்புக் கையின் ரப்பர் மூட்டு) போயிருந்தால், மாருதி கம்பெனியின் முழு ஆர்மையே இரண்டு பக்கமும் மாற்றிவிடுவது பெரும்பாலானோருக்குச் சரி. ஆர்மின் வெளி முனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் இன்னும் கெட்டியாக இருந்து, புஷ்ஷை அழுத்தி ஏற்றும் ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் நல்ல லேத் பட்டறையும் பக்கத்தில் இருந்தால் தனி புஷ் போதும். தினசரி ஓடும் காருக்குப் பாலியூரித்தேன் (ரப்பருக்குப் பதிலாக வரும் கெட்டியான பொருள்) வேண்டாம்.

ஆனால் இந்த மூன்றில் எதை வாங்கினாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது, போல்ட்டைக் கார் எந்த நிலையில் இருக்கும்போது முறுக்குகிறார்கள் என்பதுதான். “டூப்ளிகேட் சாமான், ஆறு மாசம்கூடத் தாங்கல” என்று திட்டு வாங்கும் புஷ்களில் பல நல்ல சாமான்தான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இம்பாக்ட் கன் என்னும் முறுக்கும் மெஷினால் முறுக்கியதால் கிழிந்தவை அவை.

காரணம் புரிய, புஷ்ஷின் உடம்பைப் பார்க்க வேண்டும். அது வெறும் ரப்பர் வளையம் இல்லை. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் வல்கனைஸ் செய்து ஒட்டிய ரப்பர். வெளிக் குழாய் ஆர்மின் கண் எனப்படும் துளைக்குள் அழுந்தி உட்கார்ந்திருக்கும். போல்ட்டை முறுக்கியதும் உள் குழாய் கிராஸ் மெம்பரோடு (காரின் அடியில் குறுக்கே ஓடும் சட்டம்) ஒன்றாகிவிடும். அதன்பின் அது சுழலாது. ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் முறுகிக்கொடுக்கிறது. எதுவும் எதன்மேலும் உரசுவதில்லை. எனவே ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் தேவையில்லை. “கொஞ்சம் கிரீஸ் அடிச்சா சத்தம் போயிடும் சார்” என்பவரிடம் காரை விடாதீர்கள். கிரீஸும் ஆயிலும் ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும், அவ்வளவுதான்.

ஸ்விஃப்டின் ஆர்ம் எல் வடிவத்தது. வெளி முனையில் பால் ஜாயிண்ட், உள்பக்கம் இரண்டு புஷ். முன் புஷ் சிறியது, இறுக்கமானது. சக்கரம் பக்கவாட்டில் விலகாமல் பிடிப்பது அதன் வேலை. பின் புஷ் பெரியது, இளக்கமானது. பள்ளத்தில் சக்கரம் இடிபடும்போது ஆர்ம் சற்றே பின்னால் போய் வர இடம் கொடுப்பது இது. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இழுபடுவதும் இதுதான் என்பதால் பெரும்பாலும் முதலில் கிழிவது பின் புஷ். டீசல் மாடலில் மூக்கில் எடை கூடுதல். அதில் இன்னும் சீக்கிரம்.

சத்தமெல்லாம் புஷ் சத்தம் இல்லை

கரடுமுரடான ரோட்டில் மெதுவாகப் போகும்போது ‘கடகட’ என்று தொடர்ந்து கேட்டால், ஆர்ம் வாங்க ஓடாதீர்கள். முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வளைவில் கார் சாயாமல் தடுக்கும் கம்பியின் இணைப்புத் தண்டு) மேல்தான். சோதிக்க வழி சுலபம்: இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, அதே ரோட்டில் அதே வேகத்தில் நூறு மீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் ஆள் பிடிபட்டான். வளைவில் கார் அதிகம் சாயும் என்பதால் வேகம் மட்டும் கூடாது.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சார்பரின் மேல் தாங்கி) அல்லது அதன் பேரிங். ஸ்பிரிங்கின் மேல் கையை மெல்ல வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொன்னால் துள்ளல் கையில் தெரியும். சக்கரத்தைத் தூக்கிவிட்டு இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது லூஸ் இருந்தால் டை ராடு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) முனை. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். லூஸ் மறைந்தால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட்.

புஷ் போனதன் அடையாளம் வேறு மாதிரி. பிரேக் மிதித்ததும் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மறுபக்கம் போகும். ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போடும்போது ஒரே ஒரு ‘டக்’. வீல் அலைன்மென்ட் செய்து சில நூறு கிலோமீட்டரிலேயே ஸ்டியரிங் மறுபடி கோணலாக நிற்கும். டயரின் உள் ஓரம் மட்டும் தேயும்.

இதை உறுதிசெய்ய இரண்டு சோதனை போதும்.

முதல் சோதனைக்கு ரேம்ப், காருக்கு அடியில் இறங்கிப் பார்க்கும் குழி எதுவும் வேண்டாம். சமதளத்தில் ஒருவர் சீட்டில் உட்கார்ந்து, முதல் கியரில் ஓரடி நகர்த்திப் பிரேக், ரிவர்ஸில் ஓரடி நகர்த்திப் பிரேக் என்று சில தடவை செய்ய வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, முன் டயருக்கும் ஃபெண்டர் வளைவுக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. நல்ல புஷ்ஷில் சக்கரம் இருந்த இடத்தில் இருப்பதுபோலத் தோன்றும். கிழிந்த பின் புஷ்ஷில் சக்கரம் வளைவுக்குள் முன்னும் பின்னும் போய் வருவது கண்ணுக்கே தெரியும், ‘டக்’ கூடவே வரும்.

இரண்டாவது, குழியில் அல்லது நான்கு தூண் ரேம்பில், சக்கரத்தில் எடை இருக்கும்போதே பார்க்க வேண்டியது. ஆர்முக்கும் கிராஸ் மெம்பருக்கும் இடையே ஒரு சின்னக் கடப்பாரை அல்லது நீளமான டயர் லிவரைக் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் ஓரிரு மில்லிமீட்டர் அமுங்கித் தானாகத் திரும்பி வந்தால் அது அதன் வேலையைச் செய்கிறது. உள் குழாய் ரப்பரை விட்டு விலகி இடைவெளி தெரிந்தால், அல்லது இரும்பில் இரும்பு இடிக்கும் சத்தம் வந்தால், போயிற்று. மேல்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் மட்டும் இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. பத்து வருஷ ரப்பரில் வெடிப்பு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த வெடிப்பை டார்ச் அடித்துக் காட்டி எஸ்டிமேட் போடும் சர்வீஸ் அட்வைசர்கள் உண்டு; நெம்பிக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று: பின் புஷ்ஷின் ரப்பருக்குள் பிறை வடிவ வெற்றிடம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அதைக் கிழிசல் என்று நினைத்து ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள். வார்ப்பில் வந்த ஓரம் மழமழவென்று இருக்கும். கிழிசலின் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும்.

வாங்குவது

தனி புஷ். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கம்பெனி புஷ்ஷும் கிடைக்கும், வெளிக் கம்பெனி புஷ்ஷும் கிடைக்கும். கம்பெனிப் பெட்டியில் பார்ட் நம்பர், எம்.ஆர்.பி., தயாரிப்பு மாதம் மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். பெட்ரோல், டீசல், வருடம் என்று வாயால் சொல்லி வாங்காமல், சேஸிஸ் நம்பர் கொடுத்து பார்ட் நம்பரை எடுத்து வாங்குங்கள். மொத்தம் நான்கு: பக்கத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக்கில் கார் பழைய புஷ் இருக்கும் பக்கம் வேறுவிதமாகவும், புதுப் பக்கம் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும்.

வெளிக் கம்பெனி புஷ் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொடுக்க வேண்டும். செருப்பு அடிப்பாகம் மாதிரி கெட்டியாக இருந்தால் வேண்டாம். ரப்பர் இரும்போடு சேரும் விளிம்பில் சுற்றிலும் ஒட்டியிருக்கிறதா, எங்காவது உரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெர்னியர் இருந்தால் வெளி விட்டத்தை இரண்டு திசையில் அளந்து கம்பெனி புஷ்ஷோடு ஒப்பிடுங்கள். மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு குறைந்தாலே கண்ணுக்குள் பிடிப்பு இருக்காது.

தனி புஷ்ஷின் பலம் விலை. பலவீனம், நல்லது கெட்டது முழுக்கப் பிரஸ் அடிப்பவர் கையில் போய்விடுவது. லேத் கூலி, அங்கே காத்திருக்கும் நேரம், காரில்லாத நாள் எல்லாவற்றையும் சேர்த்தால் மிச்சம் நினைத்த அளவு இருக்காது.

முழு ஆர்ம். புஷ் இரண்டும் பால் ஜாயிண்டும் ஏறியே வரும். இந்தக் காரில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்த உறுப்பு. அது போனால் கம்பெனி முறைப்படி ஆர்மையே மாற்ற வேண்டும். பதினைந்து வருஷ பால் ஜாயிண்ட்டை வைத்துக்கொண்டு புது புஷ் அடிப்பது, கிழிந்த வேட்டிக்குப் புதுக் கரை தைப்பது போல. அதனால்தான் நமது ஓட்டு முழு ஆர்முக்கு. புஷ்ஷின் திசையும் ஆழமும் தொழிற்சாலையிலேயே சரியாக வைக்கப்பட்டிருக்கும் என்பது இன்னொரு லாபம். விலை தனி புஷ்ஷைப் போலப் பல மடங்கு. கூலியில் கொஞ்சம் திரும்பி வரும்: கழற்று, மாட்டு, அவ்வளவுதான்.

கம்பெனி அல்லாத முழு ஆர்மில் ஜாக்கிரதை அதிகம் வேண்டும். பழைய ஆர்மைக் கழற்றியதும் இரண்டையும் தராசில் வையுங்கள். புதியது கணிசமாக எடை குறைந்திருந்தால் தகடு மெலிசு என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெல்டிங் கோடு விட்டுவிட்டு ஓடக் கூடாது. பால் ஜாயிண்ட் தண்டைக் கையால் அசைத்தால் ஒரே சீரான இறுக்கம் தெரிய வேண்டும். தளதளவென்று சாய்ந்தால் புதியதாக இருந்தும் பயனில்லை.

சென்னையில் பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கிடைக்கும் ஆர்ம் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதில் இருப்பதும் உங்கள் காரின் வயதுள்ள ரப்பர்தான். கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் இன்னும் சந்தேகம் வேண்டும். விபத்தில் வந்த காரின் ஆர்ம் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருக்கும். உங்கள் ஆர்மின் கண் பழுதாகி, புது புஷ் அடிக்க ஒரு கூடு மட்டும் தேவை என்றால் வாங்கலாம்.

பாலியூரித்தேன். இது வேறு ஜாதி. ரப்பர் முறுகுகிறது; பாலியூரித்தேன் இரும்புக் குழாயின்மேல் சுழல்கிறது. அதனால் இதற்குக் கிரீஸ் கட்டாயம் வேண்டும், அதுவும் கூடவே வரும் சிலிகான் கிரீஸ். நம் ஊர்த் தூசியிலும் மழையிலும் அந்தக் கிரீஸ் போனதும் கீச் கீச்சென்று கத்தும். கழற்றித் துடைத்து மறுபடி வைக்க வேண்டும். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. பவர்ஃப்ளெக்ஸ் போன்ற கம்பெனி நிறத்தைக் கெட்டித்தன்மைக்கு அடையாளமாக வைத்திருக்கிறது: ஷோர் ஏ என்னும் கெட்டித்தன்மை அளவில் ஊதா 80, கறுப்பு 95. சந்தையில் பெயரில்லாமல் சிவப்பு, மஞ்சள் என்று வரும் புஷ்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

இந்த ஆர்மின் பின் புஷ்ஷில் இளக்கம் இருப்பது குறையல்ல, வடிவமைத்தவர்கள் கேட்டு வைத்தது. அங்கே கெட்டியான பாலியூரித்தேனைப் போட்டால் பள்ளத்தின் அடி முழுதும் கிராஸ் மெம்பருக்கும் ஸ்டியரிங்குக்கும் போகும். டிராக்கில் ஓட்டுபவர் அதை விரும்பி வாங்குவார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப்போகும் காருக்கு அது தேவையில்லை. ஸ்டெபிலைசர் கம்பியைப் பிடிக்கும் டி வடிவ புஷ் மட்டும் பாலியூரித்தேனாக இருந்தால் குற்றமில்லை.

மாட்டுவது

முந்தின நாள் சாயங்காலமே போல்ட்டுகளில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். புஷ்ஷின் உள் குழாய்க்குள் துருப் பிடித்து போல்ட் ஒட்டிக்கொள்வதுதான் இந்த வேலையின் பெரிய தலைவலி. ஒட்டிவிட்டால் கேஸ் வைத்துக் காய்ச்ச வேண்டாம், ரப்பர் தீப்பிடித்து நச்சுப்புகை வரும். இரண்டு பக்கமும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எனவே புது போல்ட்டும் நட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். லாக் நட் எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும்.

தரையில் இருக்கும்போதே வீல் நட்டைத் தளர்த்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை வைக்காதீர்கள்.

நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பால் ஜாயிண்ட் தண்டைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதும் உருவ வேண்டும். தண்டில் உள்ள பள்ளத்தில் அந்த போல்ட் உட்கார்ந்திருக்கும். தெரியாமல் ஆர்மை அடித்து அடித்து பால் ஜாயிண்ட்டைக் கெடுப்பது வழக்கமான தப்பு. நக்கிளின் பிளவில் உளி வைத்து அகட்டும்போது அளவோடு அகட்டுங்கள். ஆர்ம் விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கம் ஊசலாடும். அதை அப்படியே விட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் கழன்று, அதன் ரப்பர் உறைக்குள் வேறொரு வேலை முளைக்கும். ஒரு கம்பியால் நக்கிளை இழுத்துக் கட்டிவையுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி புஷ் என்றால், பழையதை வெளியே தள்ளுவதற்கு முன் அதன் வெற்றிடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஆர்மில் உளியால் ஒரு கோடு போடுங்கள்; எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது என்றும் அளந்து எழுதிவையுங்கள். திசை மாறினால் இளக வேண்டிய பக்கம் இறுகும், இறுக வேண்டிய பக்கம் இளகும். பிரஸ்ஸில் அடிக்கும்போது கண்ணுக்கு அடியில் சரியான அளவுக் குழாயைத் தாங்கலாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு நசுங்கும். அழுத்தம் வெளிக் குழாயின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். உள் குழாயில் அழுத்தினால் போடும்போதே ரப்பர் பிய்ந்துவிடும். வழுக்க வேண்டுமானால் சோப்புத் தண்ணீர், ஆயில் வேண்டாம். சுத்தியலால் அடித்து ஏற்றும் ஆளிடமிருந்து ஆர்மை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

புஷ் கை அழுத்தத்திலேயே உள்ளே போய்விட்டால் சந்தோஷப்படாதீர்கள், கண் பெருத்துவிட்டது. அதற்கு வெல்டிங் பொட்டு வைத்து ஒப்பேற்றுவார்கள். அந்தச் சூட்டில் ரப்பரின் ஒட்டு விட்டுப்போகும். அந்த ஆர்ம் காயலான் கடைக்குத்தான்.

இப்போது முறுக்குவது. ஆர்மை ஏற்றி, இரண்டு புஷ் போல்ட்டையும் கையால் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பால் ஜாயிண்ட்டின் கவ்வு போல்ட்டை மட்டும் அப்போதே டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) முறுக்கிவிடலாம். சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, முன்பக்கத்தை நான்கைந்து முறை அமுக்கி விட்டு, நாலு மீட்டர் முன்னும் பின்னும் தள்ளுங்கள். கார் தன் காலில் இயல்பாக உட்காரும். அதன்பின் குழியிலோ நான்கு தூண் ரேம்பிலோ வைத்து, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். இரண்டு தூண் லிஃப்டில் சக்கரம் தொங்கும். அதில் தூக்கி வைத்து முறுக்கினால், ஆர்ம் கீழே சாய்ந்த நிலையிலேயே உள் குழாய் பூட்டிக்கொள்ளும். கார் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நாளெல்லாம் நிற்கும். அதற்குமேல் ஒவ்வொரு பள்ளமும் இன்னும் கொஞ்சம் முறுக்கும். கிழிவதற்கு வேறென்ன வேண்டும்?

குழி இல்லாத இடத்தில் மாற்று வழி உண்டு: பால் ஜாயிண்ட்டுக்கு அருகில் ஆர்முக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியை ஏற்றுங்கள், காரின் உடல் ஸ்டாண்டை விட்டு ஒரு நூலிழை எழும்பும்போது நிறுத்தி முறுக்குங்கள். அந்தப் பக்கத்தின் எடை அப்போது ஆர்மில் இருக்கும். எழும்பிய பின் தலையை அடியில் கொண்டுபோகாமல் கை மட்டும் நீட்டும்படி நின்றுகொள்ளுங்கள்.

வேலை கொடுக்கும்போது மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: “அண்ணே, போல்ட்டு டைட் பண்றது வண்டிய எறக்கி வச்சா, தூக்கி வச்சா?” பதிலில் தயக்கம் இருந்தால் வேறு பட்டறை பாருங்கள்.

அன்றைக்கே அலைன்மென்ட். ஸ்விஃப்டின் முன்பக்கத்தில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் மாற்றியமைக்க முடியும்; கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்), கேஸ்டருக்கு (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) திருகு கிடையாது. அந்த இரண்டும் அளவை விட்டு விலகியிருந்தால், ஏதோ வளைந்திருக்கிறது என்று பொருள். மெஷின்காரர் சரிசெய்கிறேன் என்று பணம் வாங்க வழியில்லை. புஷ் போன காருக்கு அலைன்மென்ட் செய்வது தண்ணீரில் கோடு போடுவதுதான், எனவே வரிசை மாறக் கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

பின்பக்க டார்ஷன் பீமிலும் (பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) பக்கத்துக்கு ஒரு பெரிய புஷ் இருக்கிறது. லேன் மாறும்போது பின்பக்கம் ஒரு கணம் தாமதமாக வருவதுபோல் தோன்றினால் அதைச் சந்தேகிக்கலாம். மாற்றும் விதி அதே: திசையைக் குறித்துக்கொள்வது, எடை இறங்கியபின் முறுக்குவது.

கடைசியாக வாட்டர் வாஷ். அடிப்பாகத்துக்கு டீசலோ பழைய ஆயிலோ ஸ்பிரே அடிப்பது துருவுக்கு நல்லது என்று இன்னும் பல சர்வீஸ் ஸ்டேஷன்களில் செய்கிறார்கள். புஷ் மாற்றிய காரைக் கொடுக்கும்போது “அடியில தண்ணி மட்டும் போதும்” என்று சொல்லிவிட்டு, அவர்கள் ஸ்பிரே கன்னைக் கீழே வைக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.